ஒன்றுபோலத் தெரியும் நட்சத்திரக் கூட்டங்களைப் பிரித்தறிவது எப்படி? வேலூர் வானத்துக்கான கேள்வி-பதில்

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை ஆகிய பழைய வட ஆர்க்காட்டுப் பகுதியில் வெறுங்கண்ணால் வானம் பார்ப்பவர்களுக்காக எழுதியது இது. கோணங்கள் எல்லாம் வேலூரின் அட்சரேகையான 12.9 டிகிரி வடக்குக்குக் கணக்கிட்டவை. ஆம்பூரிலோ செங்கத்திலோ நின்றாலும் அரை டிகிரி அளவுக்குத்தான் மாறும், அது கண்ணுக்குத் தெரியாது. நேரங்கள் இந்திய நேரம்.

வரைபடத்தில் பார்த்த அதே வடிவம் வானத்தில் இரண்டு மூன்று இடங்களில் தெரிகிறது. எது சரி என்று எப்படி முடிவு செய்வது?

வடிவத்தை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். நான்கு புள்ளி இருந்தால் சிலுவை, மூன்று புள்ளி இருந்தால் வேட்டைக்காரனின் (ஓரியன் கூட்டத்தின்) இடுப்புப்பட்டை என்று கண் தானாகவே கோடு போட்டுவிடும். வடிவம் தெரிந்ததும் மூன்று விஷயங்களைச் சரிபாருங்கள். அந்தக் கூட்டம் எத்தனை டிகிரி அகலம்? அதற்குள் எந்த நட்சத்திரம் பிரகாசம், எது மங்கல்? பக்கத்தில் என்ன இருக்கிறது? மூன்றும் ஒத்துவந்தால்தான் அடையாளம் உறுதி. இவற்றில் அதிகம் கைகொடுப்பது மூன்றாவது. பிரகாசம் புழுதியாலும் மேகத்தாலும் மாறித் தெரியும். அண்டை நட்சத்திரங்கள் இடம் மாறுவதில்லை.

பிரகாசத்தை எண்ணால் சொல்லும்போது எண் சிறிதானால் ஒளி அதிகம். சிரியஸ் -1.46, துருவ நட்சத்திரம் 2.0. நகரத்துக்கு வெளியே நல்ல இருட்டில் 6 வரை கண்ணுக்குத் தெரியும்.

டிகிரியைக் கருவி இல்லாமல் எப்படி அளப்பது?

கையை முழுதாக நீட்டி, ஒரு கண்ணை மூடிக்கொள்ளுங்கள். சுண்டுவிரலின் அகலம் 1 டிகிரி. நடு மூன்று விரல்களைச் சேர்த்து வைத்தால் 5. மூடிய கை 10. ஒரு சாண், அதாவது விரித்த கையின் கட்டைவிரல் நுனியிலிருந்து சுண்டுவிரல் நுனிவரை, 20-க்குச் சற்று மேல். கை சிறியவர்களுக்குத் தோளிலிருந்து விரல்வரை நீளமும் குறைவு என்பதால் குழந்தைகளுக்கும் கணக்கு ஏறக்குறைய சரியாக வரும். முழங்கையை மடக்கிவிட்டால் எல்லா அளவும் தப்பும். புதிதாகப் பார்ப்பவர்கள் அதிகம் தவறுவது இங்கேதான்.

தென்சிலுவையைப் பார்த்தேன் என்கிறேன், அது போலிச் சிலுவை என்கிறார்கள். வித்தியாசம் என்ன?

நம் ஊரிலிருந்து தென்சிலுவை தெரியும் என்பதே பலருக்கு வியப்பு. அது தெற்கே உச்சிக்கு வரும்போது அடிநட்சத்திரமான அக்ரக்ஸ் 14 டிகிரி உயரத்திலும், தலைநட்சத்திரமான காக்ரக்ஸ் 20 டிகிரி உயரத்திலும் நிற்கும். போலிச் சிலுவையும் கிட்டத்தட்ட அதே உயரத்தில் (18 முதல் 22 டிகிரி வரை) தெற்கைக் கடக்கிறது. ஆனால் அது மூன்றரை மணி நேரம் முன்னதாகக் கடக்கிறது. குழப்பத்துக்குக் காரணம் இதுதான். மார்ச் கடைசியில் இரவு 9 மணிக்கு நேர் தெற்கே ஒரு சிலுவை தெரிந்தால் அது போலி. உண்மையான சிலுவை அப்போது தென்கிழக்கு அடிவானத்தில் 5 டிகிரி உயரத்தில், இடப்பக்கம் சாய்ந்து, புழுதிக்குள் இருக்கும். அதே 9 மணிக்கு மே நடுவில் பார்த்தால் உண்மையான சிலுவை நேர் தெற்கே நிமிர்ந்து நிற்கும். போலி அப்போது தென்மேற்கில் இறங்கிக்கொண்டிருக்கும்.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் ஒப்பிட ஏப்ரல் 20-ஐ ஒட்டிய நாள்கள் அருமையானவை. இரவு 9 மணிக்கு நேர் தெற்கின் இருபுறமும் ஏறக்குறைய 14 டிகிரி உயரத்தில் இரண்டும் நிற்கும். வலது பக்கம் இருப்பது போலி, இடது பக்கம் இருப்பது அசல். இரண்டுக்கும் நடுவே மூன்று மூடிய கைக்குச் சற்றுக் குறைந்த இடைவெளி. ஒருமுறை இப்படிச் சேர்த்துப் பார்த்தவர்களுக்கு அப்புறம் குழப்பம் வருவதில்லை.

அளவு: தென்சிலுவையின் நெட்டுக்கோடு 6 டிகிரி, குறுக்குக்கோடு 4 டிகிரிக்குச் சற்று மேல். நீட்டிய கையின் மூன்று விரலுக்குப் பின்னால் கிட்டத்தட்ட மறைந்துவிடும். போலியின் நெட்டுக்கோடு 9 டிகிரி, குறுக்கு ஆறரை. முதன்முறை பார்ப்பவர்கள் “சிலுவை இவ்வளவு சின்னதா?” என்று ஏமாந்து, பெரிதாகத் தெரியும் போலியைத் தேர்ந்தெடுத்துவிடுகிறார்கள்.

ஒளி: தென்சிலுவையின் நான்கும் சமம் இல்லை. அக்ரக்ஸ் 0.8, மிமோசா 1.25, காக்ரக்ஸ் 1.6, நான்காவது 2.8. காக்ரக்ஸ் தெளிவான செம்மஞ்சள், மற்ற மூன்றும் நீலவெள்ளை. போலியின் நான்கும் 1.9-க்கும் 2.5-க்கும் நடுவே, பார்த்தால் ஒரே மாதிரி. இருட்டான இடத்தில் அசல் சிலுவைக்குள் ஒரு மூலையில் ஐந்தாவதாக 3.6 அளவில் ஒரு மங்கல் நட்சத்திரமும் தெரியும். போலிக்குள் அப்படி ஒன்று கிடையாது.

நிலை: உச்சியில் இருக்கும்போது தென்சிலுவை நட்டு வைத்த கம்பம்போல நிமிர்ந்து நிற்கும். போலி உச்சியிலும் சரிந்துதான் கிடக்கும். அதன் நெட்டுக்கோடு வலது கீழிருந்து இடது மேலாகப் போகும்.

அண்டை: தென்சிலுவைக்கு இடப்பக்கம், அதாவது கிழக்கே, ஆல்ஃபா சென்டாரி (-0.3), பீட்டா சென்டாரி (0.6) என்று இரண்டு பிரகாசமான நட்சத்திரங்கள் நாலரை டிகிரி இடைவெளியில் வரும். இரண்டையும் இணைக்கும் கோடு சிலுவையை நோக்கிப் போகும். இதைவிட உறுதியான சான்று வேறு இல்லை. ஆனால் ஏப்ரலில் 9 மணிக்கு இவை அடிவானத்தைத் தொட்டுக்கொண்டுதான் இருக்கும். பத்தரைக்கு மேல் பாருங்கள். போலிக்கு அடையாளம் அதற்கு மேற்கே ஒரு சாண் தூரத்தில் இருக்கும் அகத்தியர் நட்சத்திரம்.

சிலுவை இருக்கும் திசையில் எதுவுமே தெரியவில்லையே?

14 டிகிரி என்பது மிகத் தாழ்ந்த உயரம். 10 மீட்டர் உயரக் கட்டடம் உங்களிடமிருந்து 40 மீட்டருக்குள் இருந்தால் அக்ரக்ஸ் மறைந்துவிடும். மாடி வீடு அடுத்த தெருவில் இருந்தாலே போதும். தெற்கே மலை இருக்கும் ஊர்களில் நீட்டிய கையால் மலை முகட்டின் உயரத்தை அளந்து பாருங்கள். ஒரு மூடிய கைக்கு மேல் போனால் அந்த இடம் வேண்டாம்.

அகத்தியர் எது, சிரியஸ் எது?

பிப்ரவரி நடுவில் இரவு 9 மணிக்குத் தெற்கே பார்த்தால் ஒன்றின் கீழ் ஒன்றாக இரண்டு பெரிய நட்சத்திரங்கள் நிற்கும். மேலே 60 டிகிரியில் இருப்பது சிரியஸ், வானத்தின் மிகப் பிரகாசமான நட்சத்திரம். கீழே 24 டிகிரியில் இருப்பது அகத்தியர் எனப்படும் கனோபஸ், பிரகாசத்தில் இரண்டாவது. தாழ்வில் இருப்பதால் கனோபஸ் சில இரவுகளில் சிவப்பும் பச்சையுமாக மின்னும். அதை விமானம் என்றும் கிரகம் என்றும் நினைக்கிறார்கள். கிரகங்கள் அவ்வளவு தெற்கே வருவதே இல்லை. சிரியஸா என்று உறுதி செய்ய வேட்டைக்காரனின் இடுப்புப்பட்டைக் கோட்டைத் தென்கிழக்காக ஒரு சாண் நீட்டுங்கள், நேராகச் சிரியஸில் போய் முட்டும்.

மே மாதம் தெற்கே உயரத்தில் தெரியும் நான்கு நட்சத்திரச் சதுரம் தென்சிலுவையா?

இல்லை, அது அஸ்தம். 55 முதல் 60 டிகிரி உயரத்தில் ஒரு கோணல் நாற்கரமாக, நான்கும் 2.6 முதல் 3.0 வரை கிட்டத்தட்ட சம ஒளியில் இருக்கும். தென்சிலுவை ஒருபோதும் அந்த உயரத்துக்கு ஏறாது. ஆனால் அஸ்தம் நல்ல வழிகாட்டி. அதுவும் தென்சிலுவையும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் தெற்கைக் கடக்கின்றன. அஸ்தம் நேர் தெற்கில் நிற்கும்போது அங்கிருந்து கண்ணைச் செங்குத்தாக அடிவானத்துக்கு இறக்குங்கள், சிலுவை அங்கே இருக்கும். அஸ்தத்தின் மேற்பக்கக் கோட்டை இடப்பக்கமாக ஒன்றரை மூடிய கை நீட்டினால் சித்திரை கிடைக்கும். அதற்கும் வடக்கே, தலைக்கு மேல் செம்மஞ்சளாக எரிவது சுவாதி.

ஒரே வரிசையில் மூன்று நட்சத்திரம். ஜனவரியிலும் பார்த்தேன், ஜூலையிலும் பார்த்தேன். இரண்டும் ஒன்றா?

ஒன்றாக இருக்க முடியாது. நம் வானத்தில் ‘மூன்று நட்சத்திர வரிசை’ குறைந்தது மூன்று உண்டு.

முதலாவது வேட்டைக்காரனின் இடுப்புப்பட்டை. மொத்த நீளம் 2.7 டிகிரிதான், மூன்றும் ஏறக்குறைய சம ஒளி, சம இடைவெளி. பிப்ரவரி தொடக்கத்தில் இரவு 9 மணிக்கு 76 டிகிரி உயரத்தில், கிட்டத்தட்ட தலைக்கு மேல் இருக்கும். கிழக்கே உதிக்கும்போது வரிசை ஏணிபோலச் செங்குத்தாக ஏறும். வரிசையின் ஒரு பக்கம் சிவந்த திருவாதிரை, எதிர்ப்பக்கம் வெண்ணீல ரீகல் என்று இரண்டு பெரிய நட்சத்திரங்கள் காவல் நிற்கும்.

இரண்டாவது கேட்டை. நடுவில் சிவந்த அன்டாரஸ், ஒளி 1.0. இருபுறமும் 2.8, 2.9 அளவில் ஒவ்வொன்று. நீளம் 4 டிகிரிக்குச் சற்று மேல். ஜூலை நடுவில் இரவு 9 மணிக்குத் தெற்கே 51 டிகிரி உயரம். அதற்கு வலப்பக்கம் இன்னொரு மூன்று நட்சத்திர வளைவும் தெரியும். அது அனுஷம், தேள் வடிவ விருச்சிகக் கூட்டத்தின் தலை. இடப்பக்கம் கீழே தேளின் வால் சுருண்டு போகும்.

மூன்றாவது திருவோணம். இதிலும் நடுநட்சத்திரம்தான் பெரிது. ஆல்டேர், 0.8, வெள்ளை. பக்கத்து இரண்டும் சமமில்லை, ஒன்று 2.7, மற்றது 3.7. நகர வெளிச்சத்தில் 3.7 மறைந்து இரண்டே நட்சத்திரமாகத் தெரியும். செப்டம்பர் தொடக்கத்தில் இரவு 9 மணிக்கு உச்சந்தலைக்கு அருகே.

ஆகவே மூன்றும் சமமாக இருந்தால் வேட்டைக்காரன். நடுவில் சிவப்பு என்றால் கேட்டை, நடுவில் வெள்ளை என்றால் திருவோணம். வேட்டைக்காரன் மேற்கே மறையும் வேளையில்தான் தேள் கிழக்கே எழும். இரண்டையும் ஒரே நேரத்தில் உயரத்தில் பார்த்ததாக யாராவது சொன்னால் ஒன்று தவறான அடையாளம்.

சிவந்த நட்சத்திரங்கள்: திருவாதிரை, ரோகிணி, கேட்டை, செவ்வாய். எப்படிப் பிரிப்பது?

கேட்டை மற்ற இரண்டோடும் சேர்ந்து உயரத்தில் வராது, அதனால் சிக்கல் இல்லை. திருவாதிரையும் ரோகிணியும் ஒரே நேரத்தில், ஒரு சாண் தூரத்தில் இருக்கும். ரோகிணி ‘V’ வடிவக் கூட்டத்தின் ஒரு நுனியில் இருக்கும், அதற்கு வடமேற்கே ஒன்றரை மூடிய கை தூரத்தில் கார்த்திகை. திருவாதிரைக்கு அருகில் இடுப்புப்பட்டை. ஒளியை மட்டும் நம்பக் கூடாது, ஏனெனில் திருவாதிரை ஒளி மாறும் நட்சத்திரம். வழக்கமாக 0.5 அருகே இருப்பது 2020 பிப்ரவரியில் 1.6 வரை மங்கி, ரோகிணியைவிடக் குறைந்து நின்றது.

செவ்வாய்தான் உண்மையான தொல்லை. ஏறத்தாழ இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை கேட்டை வழியாகவும் ரோகிணி வழியாகவும் கடந்து போகும், நிறமும் ஒன்று. உயரத்தில் இருக்கும்போது செவ்வாய் மின்னாது, கேட்டை மின்னும். சந்தேகம் தீரவில்லை என்றால் பக்கத்து நட்சத்திரங்களோடு சேர்த்து ஒரு தாளில் புள்ளி வைத்து, ஒரு வாரம் கழித்து மறுபடி பாருங்கள். இடம் மாறியிருந்தால் கிரகம்.

இரட்டையாகத் தெரியும் நட்சத்திரங்களில் புனர்பூசம் எது?

நான்கரை டிகிரி இடைவெளியில் மூன்று ஜோடிகள் இருப்பதால் இங்கே அளவு உதவாது, ஒளியைத்தான் பார்க்க வேண்டும். புனர்பூசம் 1.1, 1.6 என நெருங்கிய ஒளி, பெரியது இலேசான மஞ்சள். பக்கத்திலேயே இருக்கும் புரோசியான் 0.4, அதன் துணை 2.9, அதாவது ஒன்று மிகப் பெரிது, ஒன்று மங்கல். மூன்றாவது ஜோடி மேலே சொன்ன சென்டாரி இரண்டும், அவை தெற்கு அடிவானத்தை விட்டு அதிக உயரம் ஏறுவதே இல்லை. தேளின் வால் நுனியில் அரை டிகிரிக்குச் சற்று மேல் இடைவெளியில் ஒட்டிக்கொண்டிருக்கும் இரண்டு மூலத்தைச் சேர்ந்தவை.

இந்த ஜோடிகளுக்குப் பக்கத்தில் கிரகம் வந்து நின்றால் வடிவமே மாறிவிடும். 2026 ஜனவரியில் வியாழன் மிதுனத்தில் நின்றபோது புனர்பூசம் மூன்று நட்சத்திரமாகத் தெரிந்தது. வரைபடத்தில் இல்லாத பிரகாசமான புள்ளி ராசி மண்டலத்துக்குள் இருந்தால் முதலில் கிரகத்தை நினையுங்கள்.

கார்த்திகைதான் சிறிய சப்தரிஷி மண்டலமா?

கார்த்திகைக்கும் ஒரு குட்டிக் கரண்டி வடிவம் இருப்பதால் பலரும் அப்படி நினைக்கிறார்கள். உண்மையான சிறு கரண்டி துருவத்தோடு சேர்ந்தது, அதன் பெரும்பாலான நட்சத்திரங்கள் நம் ஊரில் மங்கல். கார்த்திகையை நீட்டிய கையின் சுண்டுவிரலால் மறைத்துவிடலாம். சப்தரிஷியின் ஏழும் 25 டிகிரி நீளம், ஒரு சாணுக்கு மேல்.

கார்த்திகையோடு குழப்பப்படும் இன்னொன்று அவிட்டம். திருவோணத்துக்கு வடகிழக்கே ஒரு சின்னப் பட்டம் வடிவம், எந்த நட்சத்திரமும் 3.6-ஐவிடப் பிரகாசமில்லை. செப்டம்பர் நடுவில் இரவு 9 மணிக்கு உச்சியில் தெரியும் சிறு கூட்டம் அவிட்டம்தான், ஏனெனில் கார்த்திகை அப்போது இன்னும் உதிக்கவே இல்லை.

கார்த்திகை தீபத்தன்று கார்த்திகையைத் தேடுபவர்களுக்கு: அன்று முழுநிலவு அதன் அருகிலேயே இருக்கும், வெளிச்சத்தில் ஆறும் கரைந்துவிடும். பத்து நாள் கழித்து, நிலவு எழும் முன்பே மாலையில் பாருங்கள்.

துருவ நட்சத்திரம் என்று எல்லோரும் வெவ்வேறு நட்சத்திரத்தைக் காட்டுகிறார்கள்.

துருவம் பெரிதாக இருக்கும் என்ற நம்பிக்கைதான் காரணம். ஒளி வெறும் 2.0, வேலூரில் உயரம் 13 டிகிரி மட்டும். அந்தத் தாழ்வில் காற்றும் புழுதியும் ஒளியைக் குறைத்து 3 அளவு நட்சத்திரம்போலக் காட்டும். அதனால் வடக்கே பளிச்சென்று தெரியும் எதையாவது துருவம் என்று எடுத்துக்கொள்கிறார்கள்.

ஏப்ரல் முதல் ஜூன் வரை சப்தரிஷியின் கிண்ணத்து முன்விளிம்பு இரண்டையும் (இடைவெளி 5.4 டிகிரி) இணைத்து, அந்தத் தூரத்தைப்போல ஐந்து மடங்கு கீழே நீட்டுங்கள். நவம்பர் மாலைகளில் சப்தரிஷி அடிவானத்துக்குக் கீழே போய்விடும். அப்போது வடக்கே 43 டிகிரி உயரத்தில் ‘M’ எழுத்துபோல நிற்கும் காசியோபியாவின் நடு நட்சத்திரத்திலிருந்து மூன்று மூடிய கை கீழே வாருங்கள். சப்தரிஷி ஒருபோதும் மறையாது என்று எழுதியிருக்கும் வெளிநாட்டு நூல்கள் 40 டிகிரி அட்சரேகைக்கு எழுதியவை, அந்த வட்டத் தட்டு வரைபடங்களும் நமக்கு உதவாது. 10 முதல் 15 டிகிரி வடக்குக்கு அச்சிட்டதை வாங்குங்கள்.

சோதனை எளிது. அந்த நட்சத்திரம் மின்கம்பத்தின் விளிம்பைத் தொடும்படி ஓரிடத்தில் உட்காருங்கள். இடத்தை அடையாளம் வைத்து ஒரு மணி நேரம் கழித்து அதே இடத்தில் உட்கார்ந்து பாருங்கள். துருவம் அங்கேயே இருக்கும். 16 டிகிரி தள்ளியிருக்கும், சிறு கரண்டியைச் சேர்ந்த கோச்சாப் நட்சத்திரம் அதற்குள் 4 டிகிரி நகர்ந்திருக்கும்.

கல்யாணத்தில் அருந்ததி காட்டுகிறார்களே, உண்மையில் அந்த நேரத்தில் தெரியுமா?

முகூர்த்தம் எந்த மாதம், எந்த நேரம் என்பதைப் பொறுத்தது. தை, மாசியில் விடியற்காலை 5 மணிக்குச் சப்தரிஷி வடக்கே உயரத்தில் இருக்கும், அருந்ததி நன்றாகத் தெரியும். பங்குனியில் வடமேற்கில் 30 டிகிரி உயரத்தில். வைகாசி விடியலில் மறைந்துவிடும், ஆனால் அந்த மாதம் முழுவதும் மாலையில் வடக்கே பார்க்கலாம். ஆவணி விடியலில் இல்லை.

சப்தரிஷியின் கைப்பிடியில் நுனியிலிருந்து இரண்டாவது வசிட்டர், ஒளி 2.2. அதை ஒட்டி 12 நிமிடக் கோணத்தில், அதாவது சுண்டுவிரல் அகலத்தில் ஐந்தில் ஒரு பங்கு தூரத்தில், 4.0 ஒளியில் இருப்பது அருந்ததி. சத்துவாச்சாரி மாடியிலிருந்து தெரியவில்லை என்றால் கண்ணில் குறை என்று எண்ண வேண்டாம். 7×50 இருகண்ணோக்கி இருந்தால் நகரத்திலிருந்தே பிரித்துவிடலாம். அந்தக் கண்ணாடியில் இரண்டுக்கும் இடையே மூன்றாவதாக ஒரு மங்கல் புள்ளி தெரியலாம், அது அருந்ததி ஆகாது.

என் ஜென்ம நட்சத்திரத்தை வானத்தில் காட்ட முடியுமா?

முடியும். ரோகிணி, திருவாதிரை, மகம், சித்திரை, சுவாதி, கேட்டை எல்லாம் நகரத்திலிருந்தே தெரியும். பூசம் போன்ற மங்கலானவை இருட்டு கேட்கும்.

கைப்பேசிச் செயலியைத் தூக்கிக் காட்டினால் பெயர் வந்துவிடுகிறதே?

வரும், ஆனால் திசை தவறினால் பெயரும் தவறும். காந்தம் வைத்த உறை, பைக், கார், இரும்புக் கைப்பிடிச் சுவர் இவற்றின் அருகே திசைகாட்டி 20, 30 டிகிரி பிறழலாம். போலிச் சிலுவைக்கும் அசலுக்கும் உள்ள தூரமே அவ்வளவுதான். உறையைக் கழற்றி, கைப்பேசியை எட்டு வடிவில் சுழற்றி, முதலில் சந்தேகமில்லாத ஒன்றை (நிலவு, சிரியஸ்) காட்டிச் சரிபாருங்கள். திரை வெளிச்சத்தைக் குறைத்து இரவுக்கான சிவப்பு நிறத்துக்கு மாற்றுங்கள். இருட்டுக்குக் கண் பழக 20 முதல் 30 நிமிடம் ஆகும், வெள்ளைத் திரையை ஒருமுறை பார்த்தால் அது போய்விடும்.

வேலூரில் எங்கே நின்று பார்ப்பது நல்லது?

எந்தத் திசையைப் பார்க்கப் போகிறீர்கள் என்பதை வைத்து இடத்தைத் தேர்ந்தெடுங்கள். நகர வெளிச்சம் முதுகுக்குப் பின்னால் இருக்க வேண்டும். தென்சிலுவைக்கும் அகத்தியருக்கும் கணியம்பாடி, கண்ணமங்கலம் பக்கம் தெற்கே போங்கள். காட்பாடியில் நின்று தெற்கே பார்த்தால் வேலூர் முழுவதன் வெளிச்சமும் அந்த 14 டிகிரிக்குள் நிற்கும். துருவத்துக்கும் சப்தரிஷிக்கும் காட்பாடியைத் தாண்டிச் சித்தூர் சாலைப் பக்கம். நெடுஞ்சாலையிலிருந்து விலகியே இருங்கள். அமிர்தி, ஒடுகத்தூர்ப் பக்கம் இருட்டு நல்லது, ஆனால் காப்புக்காட்டுக்குள் இரவில் போக வேண்டாம், ஊர் ஓரத்து வயல்வெளி போதும்.

ஜவ்வாது மலையில் ஆலங்காயத்தை அடுத்த காவலூரில், 725 மீட்டர் உயரத்தில் வைணு பாப்பு வானாய்வகம் இருக்கிறது. 1986 முதல் இயங்கும் அதன் 2.34 மீட்டர் தொலைநோக்கி வட வானத்தோடு தென் வானத்தையும் நன்றாக எட்டுவது இந்த அட்சரேகையால்தான். அதே வசதி உங்கள் மொட்டைமாடிக்கும் உண்டு.

வட கிழக்குப் பருவமழை முடிந்து ஜனவரி முதல் ஏப்ரல் வரை வானம் பெரும்பாலும் தெளிவு. மே மாதம் சிலுவைக்கு ஏற்ற மாதம், ஆனால் வெயிலின் புழுதி அடிவானத்தில் நிற்கும். கோடை மழை ஒன்று பெய்து ஓய்ந்த மறுநாள் இரவு 9 மணிக்கு, அமாவாசையை ஒட்டி, தெற்கே பாருங்கள்.